கணினிக் குரலில் துயரம்: போடி கருத்தரங்கத் தலைமை உரை



கணினி பாடும் சோகப் பாடல்களைப் பற்றிப் பேசுவதற்குப் போடிநாயக்கனூரில் ஏன் கூட வேண்டும் என்று, அழைப்பிதழைப் பார்த்த நண்பர்கள் சிலர் கேட்டார்கள். இந்த ஊரிலிருந்து தேவாரம் வழியாகத் தெற்கே போனால் பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த ஊர். அதற்கும் தெற்கே, மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில், அவருடைய தாயும் மனைவியும் அடக்கமான இடத்திலேயே 2024 ஜனவரி 27 அன்று அவர் மகள் பவதாரிணியையும் அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு ஜூன் 22 அன்று 'கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' வெளிவந்தது. பாடியவர்கள் விஜய், பவதாரிணி என்று அதில் போட்டிருந்தார்கள்; மறைந்த மகளின் குரலைக் கணினி மீட்டுத் தந்திருந்தது. ஆகவே இந்தக் கருத்தரங்கு நடக்க வேண்டிய இடம் இதுதான்.

பெங்களூரில் அந்த மெட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோதே, இது அக்காள் பாட வேண்டிய பாட்டு, அவர் குணமாகி வந்ததும் பதிவு செய்யலாம் என்று இசையமைப்பாளரான தம்பி யுவன் சங்கர் ராஜா நினைத்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் இறப்புச் செய்தி வந்துவிட்டது. அதை அவரே எழுதியிருக்கிறார். பாட்டு சாவைப் பற்றியது அல்ல. வீட்டையும் குழந்தையையும் பற்றிய இதமான மெட்டு. அதைக் கேட்டு இந்தப் பக்கத்து ஊர்களில் கண்கலங்கியவர்கள் பலர். துயரம் பாட்டுக்குள் இல்லை. கேட்பவருக்குத் தெரிந்த சேதியில் இருந்தது.

அதே ஆண்டு ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' வந்தது. பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் மறைந்த பின் அவர்கள் குரலை மீட்டுப் பாட வைத்தார் ஏ.ஆர். ரகுமான். அதுவும் அழுகைப் பாட்டு அல்ல, எழுச்சிப் பாட்டு. நம் திரையிசையில் இந்தத் தொழில்நுட்பம் பெரிதும் பேசப்பட்டது இறந்தவர் குரல் வழியாகத்தான் என்பதை ஆய்வாளர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

ஜப்பானில் கதை நேர்மாறு. யமஹா நிறுவனமும் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்ததில் பிறந்த 'வோக்கலாய்டு' மென்பொருள் 2004இல் விற்பனைக்கு வந்தது. 2007 ஆகஸ்ட் 31 அன்று சப்போரோ நகரத்து கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம், சாகி ஃபுஜிதா என்ற நடிகையின் ஒலித்துண்டுகளைக் கொண்டு 'ஹட்சுனே மிக்கு' என்ற குரலை வெளியிட்டது. ஒவ்வொரு சுரத்தின் மேலும் ஓர் அசையை எழுதி, சுருதி ஏறி இறங்கும் கோட்டைக் கையால் வரைந்து, நடுக்கத்தையும் மூச்சொலியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைத்துச் செய்கிற வேலை அது. வீட்டில் தனியாக உட்கார்ந்த இளைஞர்கள் அந்தக் குரலுக்கு எழுதியவற்றில் இருட்டுப் பாடல்கள் ஏராளம். காஸ்மோ என்பவர், அழிக்கப்படப் போகும் மிக்கு தன் மறைவையே பாடுவதாக ஒரு பாட்டுச் செய்தார். மனித வாய்க்கு எட்டுவதே அரிதான வேகம். மூச்சுவிட இடமே கிடையாது. வோவாகா 2010இல் செய்த 'ரோலிங் கேர்ள்' விழுந்து விழுந்து எழும் ஒரு பெண்ணின் வேதனை. வோவாகா 2019இல் 31 வயதில் இறந்துபோனார். அவருடைய பாட்டை அந்தக் குரல் இன்னும் அப்படியே பாடிக்கொண்டிருக்கிறது.

வாழாத குரல் அங்கே தன் சாவைப் பாடுகிறது. இங்கே செத்தவரின் குரல் வாழ்வைப் பாடுகிறது. இரண்டிலும் மனம் கனப்பது உண்மை. அந்தக் கனத்தை 'இயந்திரத்துக்கு ஏது உணர்வு' என்று ஒரே வரியில் தள்ளிவிடும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை.

ஏனென்றால் இந்தப் பாடல்களில் இயந்திரம் தனியாகப் பாடுவதில்லை. குரல் மாற்று முறையில் முதலில் உயிருள்ள ஒருவர் முழுப் பாட்டையும் பாடுகிறார். அவருடைய சுருதி, தாளம், அழுத்தம், குழைவு எல்லாம் அப்படியே நிற்கும். குரலின் நிறம் மட்டும் மறைந்தவருடையதாக மாறும். நம்மை அழவைத்த அந்தக் குழைவு நம்மில் பலர் பெயர் அறியாத வேறொருவர் தொண்டையிலிருந்து வந்தது. அவர் பெயரையும் பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும் என்று இந்த அவை வலியுறுத்த வேண்டும்.

இனி, மலைப் பக்கம் திரும்புகிறேன். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகள் வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களில் ஒப்பாரியில் தேர்ந்தவர்கள் உண்டு. எழவு வீட்டில் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து அவர்கள் பாடும்போது உற்றுக் கேளுங்கள். வரி முடிகிற இடத்தில் சுருதி சறுக்கி இறங்கும். பிறகு ஒரு விசும்பல், மூக்குறிஞ்சல். அந்த நொடியில் பக்கத்திலிருப்பவர் அடுத்த வரியை எடுத்துக்கொள்வார். பாட்டை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாற்றுவது அந்த விசும்பல்தான். ஒருவர் குரலைக் கணினிக்குப் பழக்கும் 'குரல் மாதிரி' தயாரிப்பவர்களோ பதிவைச் சுத்தம் செய்யும்போது நீக்குவது இரைச்சலையும் பக்கத்துக் குரலையும், பல சமயம் மூச்சொலியையும். ஒப்பாரியிலிருந்து அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மெட்டு மட்டுமே.

என் கவலை இதைவிடப் பெரியது. பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குடும்பங்களிடமும் அனுமதி பெற்றோம், ஊதியமும் கொடுத்தோம் என்று ரகுமான் வெளிப்படையாகச் சொன்னார். 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் மறைந்த பாடகரான தன் தந்தையின் குரலைத் தங்களைக் கேளாமல் பயன்படுத்தியதற்காக எஸ்.பி. சரண் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பினார். 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்குக்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தது. இவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. மலைவேலைக்குப் போய், ஊருக்கெல்லாம் அழுது பாடி, கண்ணை மூடிய ஒரு கிழவியின் குரல் நம்மைப் போன்ற ஆய்வாளர் வீட்டு ஒலிநாடாவில் கிடக்கிறது. உறையில் ஊர்ப் பெயர் இருக்கும், அவள் பெயர் இருக்காது. நாளை ஒருவர் அதை எண்ணிமமாக்கி, மாதிரி செய்து, தன் சோகப் பாட்டுக்கு ஒட்டினால் யார் கேட்பது? தன் ஆத்தாளின் குரல் யாரோ ஓர் அந்நியனுக்காக அழுவதை அவள் பேத்தி பேருந்தில் கேட்க நேர்ந்தால் அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

கள ஆய்வாளர்களே, பெட்டியில் இருக்கும் நாடாக்களை எடுங்கள். பாடியவரின் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அந்த ஊருக்குப் போய் விசாரியுங்கள். குடும்பத்தார் எழுத்தில் சம்மதம் தராத எந்த ஒப்பாரிப் பதிவையும் குரல் மாதிரிக்குக் கொடுப்பதில்லை என்ற தீர்மானத்தை இன்று மாலை அமர்வில் நானே முன்மொழிகிறேன். தொழில்நுட்ப அமர்வில் பேச வந்திருக்கும் இளைஞர்கள் அதைப் பற்றிக் குறுக்குக் கேள்வி கேளுங்கள், திருத்தம் கொடுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன், முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.