கொல்லைப்புறத்துத் தொல்பொருள்கள்

(ஊராட்சித் தலைவர்கள் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



ஊர்ப்புறத்தில் தாழி ஒன்று வெளிப்பட்டது என்ற செய்தி பரவினால் போதும். மறுநாட் காலையில் நாலைந்து கடப்பாரைகள் அங்கே கூடிவிடுகின்றன. தாழிக்குள் பொன் இருக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே அவ்வளவு வேரூன்றியிருக்கிறது. முதுமக்கள் தாழி என்பது இறந்தோரை அடக்கம் செய்த மட்கலம். அதில் பெரும்பாலும் எலும்பு, இரும்புக் கருவி, சிறு கலயம், மண் இவையே காணப்படும். ஆதிச்சநல்லூரில் பொற்பட்டம் கிடைத்தது உண்மையே. ஆயினும் அது மிக அரிது. பொன்னைக் காணாத ஏமாற்றத்தில் மற்றவற்றை உடைத்து எறிந்துவிடுகிறோம்.

எறியப்படும் அந்த மண்ணின் மதிப்பு யாது? தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தொல்லியல் துறையினர் அகழ்ந்த தாழி ஒன்றில் மண்ணோடு நெல்லும் கலந்திருந்தது. அதனை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பியதில், அதன் காலம் கி.மு. 1155 எனத் தெரியவந்தது. 2021ஆம் ஆண்டில் இது சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. அத்தாழி நம் கடப்பாரைக்கு முதலில் அகப்பட்டிருப்பின், அந்நெல் குப்பைமேட்டிற்கன்றோ போயிருக்கும்!

பொருளைப் போலவே, அது கிடந்த ஆழமும் சான்றாகும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றே அவ்வூரின் பழமையைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டிற்குக் கொண்டுசென்றது. குதிரில் பழைய நெல்லின்மேல் புது நெல்லைக் கொட்டுவதுபோல் மண் அடுக்கடுக்காகப் படிந்துள்ளது. கிளறிக் கலந்துவிட்டால், எது எந்தப் போகத்து நெல் எனக் கூற எவராலும் இயலாது. ஆகவே, பழம்பொருள் தேடி நாமே தோண்டுவது ஏட்டைக் கிழித்துவிட்டு எழுத்தைத் தேடுவதாகும்.

எனினும், கிணறு வெட்டாமலும் கன்று நடாமலும் இருத்தல் இயலுமா? மயிலாடுதுறையை அடுத்த செம்பியன்கண்டியூரில் 2006ஆம் ஆண்டில் பள்ளி ஆசிரியர் ஒருவர், வாழையும் தென்னையும் நடுவதற்காகத் தம் கொல்லையில் குழி வெட்டினார். வழவழப்பான கற்கோடரிகள் இரண்டு கிடைத்தன. அரிவாள் தீட்ட உதவும் என்று அவற்றைக் கிணற்றடியில் போடாமல், தரங்கம்பாடி அருங்காட்சியகக் காப்பாளரிடம் சேர்ப்பித்தார். அவற்றுள் ஒன்றின்மீதிருந்த கீறல்கள் சிந்துவெளிக் குறியீடுகளே என்று அறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதினார். அதனை ஏற்காத அறிஞரும் உளர். பின்னர் மாநிலத் தொல்லியல் துறையினர் அவ்வூரில் அகழாய்வும் நடத்தினர். ஒரு வாழைக்குழியிலிருந்து இவ்வளவும் விளைந்தது.

நம் ஊரிலும் இவ்வாறு ஏதேனும் தென்படின், மண்வெட்டியை அக்கணமே நிறுத்துதல் வேண்டும். கயிற்றில் முடிச்சிட்டுத் தரைமட்டத்திலிருந்து ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளலாம். கைக்கு வந்துவிட்ட பொருளைக் கழுவுதலோ, உள்ளிருக்கும் மண்ணைக் கொட்டுதலோ கூடாது. கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ உடனே தெரிவித்தல் நலம். மதிப்புள்ள புதையலாயின் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி. கண்டெடுத்தவருக்கும் அச்சட்டத்தில் பங்கு உண்டு. மறைப்பவரோ அப்பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் உள்ளாவார். அதிகாரிகள் வரும்வரை, வெட்டிய மண்ணையே மேலே மெல்லப் பரப்பி, சுற்றிலும் முள் வைத்துவிட்டால், ஆடுமாடுகள் மிதியாமல் இருக்கும்.