கதவுக்குள் போகும் மழைத் தண்ணீர்



அம்பாசடர் காரைத் தெரியாதவர் உண்டா? கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் அதைச் செய்தார்கள். 2014-இல் அந்த வேலை நின்றது. இனிப் புதிய அம்பாசடர் வராது. இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

மைசூரு – பெங்களூரு சாலையில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே 'பயண' என்ற கார் அருங்காட்சியகம் இருக்கிறது. தர்மஸ்தலத்தின் வீரேந்திர ஹெக்கடே சேர்த்த பழைய கார்கள் அங்கே நிற்கின்றன. அவற்றுக்குக் கூரை உண்டு. தெருவில் ஓடும் பழைய காருக்குக் கூரை ஏது? மைசூரிலிருந்து குடகு மலைக்குப் போய்வந்தால் கார் மழையில் ஊறிவிடும்.

அந்த மழைத் தண்ணீர் கதவுக்குள்ளும் போகும். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக இறங்கும். இது பழுது அல்ல. பழைய கார்க் கதவே அப்படித்தான். இறங்கிய தண்ணீர் வெளியேற, கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை மண்ணால் அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கும். தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போதுதான் தெரியும். பிறகு தகடு வெட்டி ஒட்ட வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். டாக்சிக்காரருக்கு அத்தனை நாளும் வருமானம் இல்லை.

ஓட்டையை அடியிலிருந்தே கம்பியால் குத்தலாம். ஆனால் உள்ளே துரு எவ்வளவு என்று பார்க்க, உள்பலகையைக் கழற்ற வேண்டும். பல பழைய கார்களில் அது ரெக்சின் ஒட்டிய ஹார்ட்போர்டு அட்டை.

முதலில் கண்ணாடியை முழுதும் ஏற்றுங்கள். கைப்பிடிகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். சில கார்களில் கைப்பிடி நடுவில் ஸ்குரூ இருக்கும். சிலவற்றில் அடியிலுள்ள வளையத்தை அழுத்தினால் சிறிய ஆணி தெரியும். அதைத் தள்ளி எடுக்க வேண்டும். எடுத்த ஆணியை உடனே டப்பாவில் போடுங்கள். தரையில் விழுந்தால் அரை நாள் தேட வேண்டும்!

அட்டையின் ஓரத்தில் ஸ்பிரிங் கிளிப்புகள் இருக்கும். தட்டையான திருப்புளியில் துணி சுற்றி, கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். வேறு இடத்தில் இழுத்தால் அட்டை கிழியும். பழைய அட்டை அப்பளம் மாதிரி.

அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்க வேண்டும். பலர் "இது எதற்கு அண்ணே?" என்று கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அட்டைக்குக் குடையே அதுதான். அது இல்லாவிட்டால் ஹார்ட்போர்டு தண்ணீர் குடித்து உப்பிவிடும். கிளிப் பிடிக்காது. ரெக்சின் உரியும். கிழிந்திருந்தால் கெட்டியான புதுத் தாள் வெட்டிக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இப்போது அடி ஓட்டைகளைச் சுத்தம் செய்யுங்கள். கதவுக்குள் தகட்டு விளிம்பு கத்தி போல அறுக்கும். கைக்குத் துணி சுற்றுங்கள். ஒரு குவளைத் தண்ணீர் உள்ளே ஊற்றுங்கள். அடியில் ஒழுகினால் சரி.

திரும்பப் பூட்டும்போது தாளின் பக்கங்களை ஒட்டுங்கள். அடி ஓரத்தை மட்டும் தகட்டு இடுக்கு வழியாகக் கதவுக்குள் செருகிவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் தண்ணீர் அட்டை மேலேயே வடியும். செய்த வேலை வீண்.

பிறகு ஒவ்வொரு கிளிப்பையும் அதன் துளைக்கு நேராக வைத்து, உள்ளங்கையால் அழுத்துங்கள். சுத்தியல் வேண்டாம். கைப்பிடிகளைப் பழையபடி மாட்டுங்கள்.

கதவைச் சாத்துவதற்கு முன் இன்னொரு வேலை. கதவு திறந்திருக்கும்போதே பூட்டின் நாக்கை விரலால் மூடுங்கள். உள் கைப்பிடியை இழுத்தால் நாக்கு விடுபட வேண்டும். விடுபடாவிட்டால் சாத்தாதீர்கள். சாத்திய பிறகு திறக்காத கதவின் உள்பலகையைக் கழற்றுவது பெரும்பாடு.