தீயின் காரணமும் கிராமத்தின் கடமையும்

(வலையபட்டியில் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் ஆற்றிய உரை)



தை பிறந்து மழை ஓய்ந்ததும் நமது செட்டிநாட்டுச் சிற்றூர்களில் கண்மாய்க் கரையின் புல்லும் பொட்டல் நிலத்தின் சருகும் காயத் தொடங்குகின்றன. சீமைக்கருவேலங் காடும், பனங்காடும், தைலமரத் தோப்பும் வறண்டு நிற்கின்றன. அறுப்பு முடிந்து வைக்கோற் படப்புகள் எழுவதும் இக்காலத்திலேதான். ஆகவே, பெருந்தீ எதனால் உண்டாகிறது என்பதை ஆராய இதுவே தக்க சமயமாகும்.

தீப் பற்றியதும் ஊரில் எழும் முதல் வினா, "வைத்தவன் யார்?" என்பது. அப்போது சிலர் கிடை போட்டிருக்கும் கீதாரியைச் சுட்டுவர். சிலர் பங்காளிப் பகையைச் சொல்வர். வேறு சிலர் மின்கம்பியின் மேல் பழி போடுவர். நாம் கேட்க வேண்டிய வினா அதுவன்று. "எங்கே தொடங்கியது, எதனால் தொடங்கியது, எதனால் பரவியது?" என்பவையே முறையான வினாக்கள்.

மூங்கில்கள் உரசித் தீப்பிடிக்கும் என்று பெரியோர் கூறுவதுண்டு. இடி விழுந்தும் தீ உண்டாகலாம். ஆயினும் நம் நாட்டுக் காட்டுத் தீயில் மிகப் பெரும் பகுதி மனிதர் செயலால் விளைவதே. மனிதர் செயல் என்றவுடன் அதனைக் குற்றம் என்று கொள்ளலாகாது. தாளை எரிக்கும் உழவர், புதுப்புல் தளிர்க்கக் கொளுத்தும் மேய்ப்பர், கரிமூட்டத்தைக் காவலின்றி விட்டுச் செல்பவர், பீடித் துண்டை எறியும் வழிப்போக்கர் ஆகியோரிடம் இருப்பது பெரும்பாலும் அசிரத்தையே. பகையால் வைக்கும் தீ வேறு. அசிரத்தையால் பரவும் தீ வேறு. முன்னதற்குச் சட்டமும் தண்டனையும் வேண்டும். பின்னதற்கு எச்சரிக்கையும் ஏற்பாடும் வேண்டும்.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேற்றம் சென்றவர்களைத் தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். தீயின் தோற்றம் பற்றிப் பலரும் பலவாறு பேசினர். அதுல்ய மிஸ்ரா அவர்களை அரசு விசாரணைக்கு நியமித்தது. பொறி எவருடையதாயினும், காய்ந்த நெடும்புல்லும், காற்றும், சரிவில் மேல்நோக்கி விரைந்தேறும் தீயின் இயல்புமே அதைப் பேரழிவாக்கின. தீப்பருவத்தில் அத்தனை பேர் மலைக்குள் சென்றதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மின்கம்பிக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் மூண்ட தீயில் 173 பேர் இறந்தனர். ஒரே நாளில் பல தீக்கள், காரணங்களும் பல. அவற்றுள் மிகுந்த உயிரைக் குடித்த கில்மோர் கிழக்குத் தீ, அறுந்த பழைய மின்கம்பியால் விளைந்தது. சர்ச்சில் என்னும் ஊரின் அருகே எழுந்த மற்றொரு தீயோ, ஒருவன் வேண்டுமென்றே வைத்தது என்று 2012-இல் தீர்ப்பாயிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2018-ஆம் ஆண்டு நவம்பரில் பாரடைஸ் நகரை அழித்து 85 பேரைக் கொன்ற தீயும் மின்பாதையிலிருந்தே கிளம்பியது. எனவே, ஒரே காரணத்தைப் பிடித்துக் கொண்டு வாதாடுவது அறிவுடைமை ஆகாது.

இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வாயிலாகத் தீ எரியும் இடத்தை அறிந்து எச்சரிக்கை அனுப்புகிறது. ஆனால் அது வெப்பத்தைக் காட்டுமே அன்றி, காரணத்தைக் காட்டாது. காரணத்தை அறியும் பொறுப்பு நிலத்தில் நிற்பவர்களைச் சேர்ந்தது. தீ தணிந்ததும் தொடங்கிய இடத்தை மிதித்துக் கலைக்கலாகாது. காற்று வீசிய திசை, அருகிலுள்ள மின்கம்பம், கரிமூட்டம், அடுப்புச் சாம்பல் ஆகியவற்றைக் குறித்து வைத்து, தீயணைப்புத் துறையினரிடமும் காவல்துறையினரிடமும் கூற வேண்டும். அதற்கு முன்னரே ஊர் கூடி ஏழைக் கீதாரியைக் குற்றவாளி ஆக்கினால், அவர் பிழைப்புக் கெடும். உண்மைக் காரணமோ அப்படியே இருந்து, மறு ஆண்டும் தீ மூளும்.

சனவரி 26-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. அன்று பஞ்சாயத்து சில தீர்மானங்களைச் செய்யலாம். படப்புகளை வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் விலக்கிப் போடுதல்; கம்பியைத் தொடும் பனையோலை, கிளை, தொய்ந்த கம்பி இவற்றைக் கணக்கெடுத்து மின்வாரியத்துக்கு எழுத்தில் தெரிவித்தல்; தாளை எரிக்காமல் மடக்கி உழுதல்; கரிமூட்டத்தைச் சுற்றிச் சருகை அகற்றி, ஆள் காவல் வைத்தல் ஆகியவை அவை. கம்பியில் உரசும் கிளையை நாமே வெட்ட முனைவது உயிருக்கு ஆபத்து. கம்பி அறுந்து கிடந்தால் எவரும் அருகே செல்லலாகாது. மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும் முன் தண்ணீரும் ஊற்றலாகாது. தீயணைப்பு நிலையத்தை 101 என்னும் எண்ணில் அழைப்பதைச் சிறுவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இவற்றிற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒற்றுமையும், பங்குனி வெயில் ஏறுமுன் செய்து முடிக்கும் முனைப்புமே தேவை. பழிசொல்லும் வேகத்தைப் பாதுகாப்பில் காட்டுவோமாயின், நம் கண்மாய்க்கரைகளும் களங்களும் கோடையைக் கேடின்றிக் கடக்கும்.