கோடும் தொடுதிரையும்: கிறிஸ்டோஃப் நீமனின் வடிவமைப்புக் கலை

ஜெர்மனியின் வைப்லிங்கன் நகரில் 1970இல் பிறந்த கிறிஸ்டோஃப் நீமன், இதழ் அட்டை, கைபேசித் திரை, அருங்காட்சியகச் சுவர் என வெவ்வேறு களங்களில் இயங்கினாலும், எதை வரையாமல் விடுவது என்னும் ஒரே கேள்வியைச் சுற்றியே தம் கலையை வளர்த்துக்கொண்ட வடிவமைப்பாளர். ஸ்டுட்கார்ட் கலைக்கழகத்தில், பீட்டில்ஸ் குழுவின் ‘யெல்லோ சப்மரீன்’ திரைப்படத்துக்குக் காட்சி வடிவம் தந்த ஹைன்ஸ் எடெல்மானிடம் பயின்ற அவர், 1997இல் நியூயார்க் சென்று இதழ்களுக்கு விளக்க ஓவியம், அதாவது எழுத்துக்குத் துணைநின்று அதன் கருத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் ஓவியம், வரையத் தொடங்கி, 2008இல் பெர்லினில் குடியேறினார்.

தம் முறையை விளக்க அவர் ஓர் அளவுகோலைக் கற்பனை செய்கிறார். காதலைக் குறிக்க, தசையும் குருதிநாளமுமாக இதயத்தை உள்ளபடியே வரைந்தால் பார்ப்பவர் அருவருப்படைவார். வெறும் சிவப்புச் சதுரமாகச் சுருக்கினால் எவருக்கும் பொருள் விளங்காது. இவ்விரு முனைகளுக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில்தான் நாம் அனைவரும் அறிந்த இதயக் குறி நிற்கிறது. ஒவ்வொரு கருத்துக்கும் உரிய அவ்விடத்தைக் கண்டறிவதே விளக்க ஓவியரின் வேலை என்பது இதன் உட்பொருள். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தை ஒட்டி ‘நியூ யார்க்கர்’ இதழுக்கு அவர் வரைந்த அட்டையில், இருண்ட பின்னணியில் ஒரு செர்ரிக் கிளை பூத்திருக்கிறது. பூக்கள் ஒவ்வொன்றும் மூவிதழ் கொண்ட கதிரியக்க எச்சரிக்கைக் குறி. படத்தைக் காட்ட இயலாத வானொலியிலும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய ஓவியம் இது என்பதே அதன் சிக்கனத்துக்குச் சான்று.

எவருடைய கட்டளையும் இன்றி அவர் வரைந்துவரும் ஞாயிற்றுக்கிழமைச் சித்திரங்களில் இந்தச் சிக்கனம் விளையாட்டாக மாறுகிறது. மேசையில் கிடக்கும் ஒரு பொருளை வெள்ளைத் தாளில் வைத்து, அதைச் சுற்றிச் சில கோடுகளை மட்டும் அவர் சேர்க்கிறார்: மைக்கூடு புகைப்படக் கருவியாகிறது, இரண்டு வாழைப்பழங்கள் குதிரையின் பின்கால்களாகின்றன, பாதியாக வெட்டிய வெண்ணெய்ப்பழம் பேஸ்பால் ஆட்டக்காரரின் கையுறையாகவும் அதன் கொட்டை பந்தாகவும் தோன்றுகின்றன. பொருளின் வடிவம் மாறுவதில்லை. பார்ப்பவரின் கண்ணே மாறுகிறது.

செயலிகளுக்கு வரும்போது சிக்கல் வேறாகிறது, ஏனெனில் ஓவியத்தில் மனத்தால் பங்கேற்பவர் இங்கே விரலாலும் பங்கேற்க வேண்டும். 2013இல் வெளிவந்த ‘பெட்டிங் ஜூ’ என்னும் செயலியில், கையால் வரைந்த விலங்குகளைத் தொட்டால் அல்லது இழுத்தால் அவை எதிர்பாராத வகையில் அசைந்து எதிர்வினை ஆற்றுகின்றன. தொடுதலே அங்கு நகைச்சுவையின் ஒரு பாதியாக இருப்பதால் அது முழுமையாக வெற்றி பெறுகிறது. பயனரின் முகத்தைக் கேமரா வழியே கைச்சித்திரங்களுக்குள் பொருத்தும் ‘சாம்ப்’ (2016) குழந்தைகளை மகிழ்விக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் முகமே வேடிக்கையாகிவிட, கோடு அதற்குச் சட்டகமாக ஒதுங்கிவிடுகிறது.

அதே ஆண்டு மே மாதம், மிகை மெய்ம்மை என்னும் நுட்பத்தில், அதாவது கேமரா காணும் உண்மைக் காட்சியின் மேல் கணினி வரைந்த காட்சியைப் பொருத்தும் முறையில், ‘நியூ யார்க்கர்’ இதழுக்கு அவர் அமைத்த அட்டையின் மேல் கைபேசியைப் பிடித்தால், தாளிலிருந்து முப்பரிமாண நகரம் எழுந்து அசைந்தது. வியப்பு பெரிதுதான். என்றாலும், நகரத்தை முழுவதும் எழுப்பிக் காட்டிவிட்ட பிறகு பார்ப்பவர் கற்பனை செய்ய எஞ்சியிருப்பது குறைவு.

2015இல் வியன்னாவின் பயன்பாட்டுக் கலை அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளுக்கு நடத்திய கண்காட்சியின் பெயர் ‘உன்டர்ம் ஷ்ட்ரிக்’. கணக்கை முடித்துக் கோடு கிழித்தபின் அதன் கீழே நிற்கும் தொகையைக் குறிக்கும் ஜெர்மன் வழக்கு இது. ஷ்ட்ரிக் என்பது ஓவியரின் கோட்டையும் குறிக்குமாதலால் பெயரே ஒரு சிலேடை. கட்டுரையிலிருந்து பிரித்துச் சுவரில் மாட்டப்பட்ட விளக்க ஓவியம் தன் துணையை இழந்து நிற்பது இத்தகைய கண்காட்சிகளுக்குப் பொதுவான இடர்ப்பாடு. மைக்கூடும் வெண்ணெய்ப்பழமும் எந்தக் கட்டுரையையும் சார்ந்தவை அல்ல. ஆகவே நீமனின் படைப்புகளுள் அருங்காட்சியகச் சுவருக்கு மிகவும் உரியவை, எவரும் கேட்காமல் அவர் வரைந்த அந்த ஞாயிற்றுக்கிழமைச் சித்திரங்களே.