கைப்பிள்ளையோடு கடற்கரைக்கு

(சிவகாசி வட்டாரத்தில் நடந்த தாய்மார் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தீபாவளி முடிஞ்சாச்சு. பட்டாசு ஆபீஸ் எல்லாம் பூட்டியிருக்கு. போனஸ் கையில் இருக்கு. வருஷத்தில் இந்தச் சில வாரம்தான் நம்ம பக்கத்துக் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து, "எங்கேயாச்சும் போயிட்டு வருவோமா?" என்று கேட்கிற காலம். உடனே வருகிற பதில் ஒன்றுதான்: கடல். கரிசல் காட்டையும் காய்கிற வெயிலையுமே பார்த்த கண்ணுக்குக் கடலைப் போல ஆறுதல் வேறில்லை. அதனால் போகாதீங்க என்று சொல்ல நான் வரவில்லை. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் பிள்ளை வைத்திருக்கிறவங்க எப்படிப் போகணும் என்று மட்டும் பேசிவிட்டுப் போகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னாடி, இதே மாதிரி ஒரு லீவில், எங்க குடும்பம் வேன் பிடித்துக் கிளம்பியது. விடியற்காலை மூணு மணிக்குப் புறப்பாடு. திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி, அன்று ராத்திரியே வீடு. நாலு இடம், ஒரே நாள், ஒரே வாடகை. என் பேரனுக்கு அப்போ ஒன்றரை வயசு. அழாமல், படுத்தாமல், மடியிலேயே தூங்கிக்கொண்டு வந்தான். "எவ்வளவு சமத்துப் பிள்ளை" என்று எல்லாரும் மெச்சினோம். காலையில் போட்ட டயாபர் சாயந்திரம் வரைக்கும் நனையவே இல்லை. மாற்றுகிற வேலை மிச்சம் என்று நினைத்தோம்.

திரும்பி வருகிற வழியில், இருட்டினதுக்கு அப்புறம்தான் கவனித்தேன். உதடு காய்ந்திருந்தது. அழுதான், கண்ணில் தண்ணி வரவில்லை. வழியில் இருந்த ஓர் அரசு மருத்துவமனையில் இறங்கி, குளுக்கோஸ் ஏற்றி, விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். பிள்ளை தேறிவிட்டான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்க. ஊர் ஊராகப் போய், "எட்டு மணி நேரமா பிள்ளை ஒன்றுக்குப் போகலைன்னா உடனே கூட்டிட்டு வாங்க" என்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்த செவிலியர் நான். அந்த வேனில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியவில்லை. ஏன்னா, அன்றைக்கு எங்க எல்லாரோட கண்ணும் கடிகாரத்தில் இருந்தது. அடுத்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போவோம் என்பதுதான் கணக்காக இருந்தது.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்குச் சொல்கிறேன். கைப்பிள்ளையோடு போகிற பயணத்தில் பிள்ளையோட நேரத்துக்கு வண்டி ஓடணும். வண்டியோட நேரத்துக்குப் பிள்ளை ஓடக் கூடாது. நாலு கடல் வேண்டாம். ஒரு கடல், ஒரு ராத்திரி தங்கல் போதும்.

எப்போ கிளம்புவது?

நமக்கு லீவு கிடைக்கிற ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் வெள்ளத்தில் சிக்கினார்கள். நாம் போகப்போகிற பக்கம்தான் அது. அதனால் கிளம்புகிறதுக்கு மூன்று நாள் முன்னாடியிருந்தே வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்க. 'டி.என்.-அலர்ட்' செயலியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்க. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தால் வேன் முன்பணம் போனாலும் போகட்டும், பயணத்தைத் தள்ளிப் போடுங்க. அட்வான்ஸை அடுத்த மாசம் சம்பாதித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கூட்டம். தீபாவளி அமாவாசைக்கு அடுத்து வருகிற கந்த சஷ்டியில்தான் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம். முருகனைப் பார்க்க ஆசை இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நெரிசலில் ஒன்றரை வயசுப் பிள்ளைக்குத் தெரிகிறதெல்லாம் பெரியவங்க முழங்கால் மட்டும்தான். திருக்கல்யாணமும் முடிந்து, கூட்டம் வடிந்ததும், வார நடுவில் ஒரு நாள் போங்க. சாமி அங்கேயேதான் இருப்பார்.

தடுப்பூசி தேதியையும் பாருங்க. 16 முதல் 24 மாதத்துக்குள் போடுகிற ஊக்க ஊசிக்கு அப்புறம் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வரலாம். ஊசி போட்ட மறுநாளே கிளம்பாதீங்க. அதுக்காக ஊசியையும் தள்ளிப் போடாதீங்க, பயணத்தைத் தள்ளுங்க.

எப்படிப் போவது?

சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர். ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பெரியவங்க மட்டும் என்றால் மூணு மணி நேரத்தில் போய்விடலாம். பிள்ளையோடு போகும்போது ஐந்து மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்க. விடியற்காலை மூணு மணிக்குத் தூக்கத்தில் எழுப்பித் தூக்கிப் போட வேண்டாம். பிள்ளை தானாக எழுந்து, பால் குடித்து, வயிறு சுத்தமான பிறகு கிளம்புங்க. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி, இறக்கி நடக்க விடுங்க. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் இருக்கிறது. 1947-ல் திறந்தது. அங்கே கொஞ்ச நேரம் பிள்ளை ஓடட்டும். பகல் தூக்கம் வருகிற நேரத்தில் வண்டி ஓடுகிற மாதிரி வைத்துக்கொண்டால் ரெண்டு பேருக்கும் நிம்மதி.

பஸ்ஸில் போகிறவங்களுக்கு: அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரைக்கும் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. 2022-ல் வந்த சலுகை இது. பெரிய பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறை இருக்கிறது. கூச்சப்படாமல் கேட்டுப் போய் உட்காருங்க.

பைக்கில் போகிறவங்களுக்கு: போகாதீங்க. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள பிள்ளையைப் பைக்கில் ஏற்றினால், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற பாதுகாப்புப் பட்டை வேணும், பிள்ளைக்கு அளவான ஹெல்மெட் வேணும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2022-ல் அறிவித்து, 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய விதி இது. 40-ல் நான்குவழிச் சாலையில் 140 கிலோமீட்டர் போக முடியுமா, நீங்களே சொல்லுங்க.

காரிலோ வேனிலோ போகிறவங்க, பிள்ளையை முன் சீட்டில் மடியில் வைக்காதீங்க. சடன் பிரேக் போட்டால் நம்ம கைப்பிடி நிற்காது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதம் கிடக்கட்டும், பிள்ளை முக்கியம். வாடகை வேன் என்றால் மஞ்சள் நம்பர் பலகை இருக்கிறதா பாருங்க. வண்டி எண்ணை 'எம்-பரிவாகன்' செயலியில் போட்டால் தகுதிச் சான்று, காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். டிரைவர் தம்பி முந்தின ராத்திரி தூங்கினாரா என்று கேட்டுவிடுங்க. அது மரியாதைக் குறைவு இல்லை. ராத்திரி ஓட்டமே வேண்டாம் என்றுதான் தங்கல் போடச் சொல்கிறேன்.

பையில் என்ன வேணும், என்ன வேண்டாம்?

தாய் சேய் நல அட்டை, கட்டாயம். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினாலும் போட்ட ஊசியும் எடையும் அதில் இருக்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு. ஒரு முழுப் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் கரைக்கணும். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கண் அளவில் கலக்காதீங்க. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்க. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீங்க. கூடவே காய்ச்சல் மருந்து, மாற்றுத்துணி, தொப்பி, காலுக்குச் செருப்பு. டயாபர் மாற்றின நேரத்தைக் கைபேசியில் குறித்துக்கொண்டே வாங்க. அந்தக் குறிப்பு அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் மதியமே கண்டுபிடித்திருப்பேன்.

வேண்டாதது மூன்று. முதலாவது, பட்டாசு. நம்ம ஊர்க்காரங்க வெளியூர் போகும்போது சொந்தக்காரங்களுக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் எடுத்துப் போவது வழக்கம். பிள்ளை இருக்கிற வண்டியில் அது வேண்டாம். ரயிலில் எடுத்துப் போவது சட்டப்படி குற்றம், மூன்று வருஷம் வரை சிறை உண்டு. மருந்து வேலைக்குப் போட்ட உடுப்பும் பயணத்துக்கு வேண்டாம். இரண்டாவது, சின்ன கேஸ் அடுப்பு. பிள்ளைக்குப் பால் காய்ச்ச என்று எடுத்துப் போகிறோம். 2023 ஆகஸ்ட் 26-ல் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். நல்ல பிளாஸ்க் ஒன்று போதும். மூன்றாவது, கடலைமிட்டாய். கோவில்பட்டியைத் தாண்டும்போது வாங்காமல் வர முடியாது, வாங்குங்க, நீங்க சாப்பிடுங்க. முழுக் கடலை சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும், அதுவும் ஓடுகிற வண்டியில். சாத்தூர்க் காராச்சேவும் அப்படித்தான். பிள்ளைக்கு இட்லி, வாழைப்பழம், பருப்புச் சோறு போதும்.

கடலில் எப்படி?

அலை கணுக்காலைத் தொடுகிற இடம் நமக்கு. பிள்ளைக்கு அது முழங்கால். அதனால் கை எட்டுகிற தூரம் என்பது கூடக் காணாது. கை பிடித்த தூரம்தான். "நீ பார்த்துக்கோ, நீ பார்த்துக்கோ" என்று பத்துப் பேர் இருக்கிற இடத்தில்தான் பிள்ளை தவறுகிறது. அரை மணிக்கு ஒருத்தர் என்று முறை வைத்துக்கொள்ளுங்க. முறையில் இருக்கிறவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது.

காற்றில்லாத, வெயிலடிக்கிற நாளிலும் கடல் திடீரென்று பொங்கி ஏறும். எங்கேயோ தூரத்தில் அடித்த புயலோட அலை அது. கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே 6-ல் குமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அப்படித்தான் போனார்கள். வளர்ந்த, படித்த பிள்ளைகள். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே கொடுக்கிறது. அன்றைக்குச் செய்தியைப் பாருங்க. கரையில் மீன் வலை காயப்போடுகிற அண்ணாச்சியிடம், "இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்க. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

காலையில் உடுப்பு போட்டதும் பிள்ளையை ஒரு போட்டோ எடுத்துவிடுங்க. உங்க செல் நம்பரை அதன் கையில் பேனாவால் எழுதுங்க. கூட்டத்தில் தவறினால் அந்தப் போட்டோதான் போலீசுக்குக் காட்ட உதவும். நிறுத்தின வண்டிக்குள் பிள்ளையைத் தூங்க விட்டுவிட்டு ஐந்து நிமிஷம்கூடப் போகாதீங்க.

இந்த எண்களை எழுதி வண்டியில் ஒட்டிவையுங்க. ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனை 104. குழந்தை உதவி 1098. எந்த அவசரத்துக்கும் 112. தேசிய நெடுஞ்சாலையில் உதவி 1033. மழை, வெள்ளம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. எல்லாமே காசில்லாத எண்கள்.

கடைசியாக ஒன்று. கிளம்புகிறதுக்கு முன்னாடி வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து, எதெது நடந்தால் திரும்பிவிடுவோம் என்று பேசி முடித்துக்கொள்ளுங்க. ரெண்டு தடவைக்கு மேல் வாந்தி, ஆறு மணி நேரமாக நனையாத டயாபர், காய்ச்சல், கடல் எச்சரிக்கை. இதில் ஒன்று வந்தாலும் முதலில் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி, அப்புறம் வீடு. வண்டியில் வைத்துப் பேசினால், "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று ஒருத்தர் சொல்வார். மாமனார் சொன்னால் மருமகளால் மறுத்துப் பேச முடியாது. வீட்டிலேயே பேசிவிட்டால் யாரும் யாரையும் மறுக்க வேண்டியதில்லை.

என் பேரன் இப்போ பள்ளிக்கூடம் போகிறான். மறுபடி ஒரு தடவை கூட்டிப் போனோம். திருச்செந்தூர் மட்டும், ஒரு ராத்திரி தங்கல். மணலில் உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் குழி தோண்டினான். வேறெங்கேயும் போகவில்லை. அவனும் கேட்கவில்லை.

நல்லபடியாகப் போயிட்டு வாங்க.