சர்ஃப் போர்டுக்கு ஒரு வருடக் கணக்கு
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது காபியையும் விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் வளாகத்தில் இப்போது ஒன்பது சர்ஃப் போர்டுகள் இருக்கின்றன. வாட்ச்மேனோடு போய் எண்ணிப் பார்த்தேன். நான்கு மொட்டை மாடியில், மூன்று படிக்கட்டில், இரண்டு அடித்தள பார்க்கிங்கில். கோவளம் பக்கத்திலேயே இருப்பதால் பிள்ளைகள் ஆசையாகக் கற்றுக்கொள்கிறார்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்ட விளையாட்டு, நல்ல விஷயம்தான். ஆனால் இந்த மூன்று இடங்களுமே போர்டு வைக்கத் தகாத இடங்கள். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதவன். அலையில் ஏறுவது பேத்தி. போர்டைப் பராமரிப்பது என் இலாகா. வங்கியில் லெட்ஜர் பார்த்தே காலம் தள்ளியவனுக்கு, ஒரு பொருளில் தேய்மானம் எங்கே ஏறுகிறது என்று பார்ப்பது பழகிப்போன வேலை.

போர்டின் உள்ளே இருப்பது ஃபோம். அதன் மேல் கண்ணாடி இழைத் துணி, அதற்கும் மேல் ரெசின் பூச்சு. பெரும்பாலும் இரண்டு வகை. பாலியூரித்தேன் ஃபோமும் பாலியஸ்டர் ரெசினும் ஒன்று. இபிஎஸ் ஃபோமும் எபாக்ஸி ரெசினும் இன்னொன்று. இபிஎஸ் என்பது டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மாகோல்தான். உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று வாங்கிய இடத்தில் கேட்டு, போர்டு பையின் மேல் எழுதி வையுங்கள். காரணம் பின்னால் வரும்.

நம் ஊரில் போர்டுக்கு ஆகாத காலம் இரண்டு. முதலாவது அக்னி நட்சத்திரம். மொட்டை மாடி வெயிலிலும், கதவடைத்த காருக்குள்ளும், ஃபோமுக்குள் இருக்கும் காற்று விரிந்து மேல்பூச்சைத் தள்ளும். அப்பளம் போலப் பொக்களம் எழும்பும். ஒருமுறை பிரிந்த பூச்சைக் கையால் அழுத்தினால் ஒட்டாது. எபாக்ஸி வகையில் இந்த ஆபத்து அதிகம். அதனால் சிலவற்றில் காற்று போக ஒரு சிறு திருகு வைத்திருப்பார்கள். அது கையால் திறக்கிற வகையானால், கடலில் இறங்குமுன் மூடியாயிற்றா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஐப்பசி கார்த்திகை மழை. வாரக்கணக்கில் போர்டு சும்மா இருக்கும். உள்ளே வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை இவை.

நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீர் வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேருகிறது. லாரித் தண்ணீர் ஒரு வாளி போதும்.

பழைய வாக்ஸை எடுத்துவிடுங்கள். இளவெயிலில் ஐந்து நிமிடம் வைத்தால் இளகும். காலாவதியான ஏ.டி.எம். அட்டையால் வழித்தெடுக்கலாம், அந்த அட்டைக்கும் ஒரு பிரயோஜனம். மிச்சத்தைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணெய்ப் பசை போக சோப்பு நீரால் கழுவுங்கள். வாக்ஸ் எடுப்பது அழகுக்காக மட்டும் அல்ல, அதன் அடியில் விரிசல் ஒளிந்திருக்கும் என்பதற்காகவும்தான்.

விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கும். விரிசல் கீழே இருக்கும்படி நிழலில் சாய்த்து, நீர் வடிந்து நன்றாக உலரும்வரை விடுங்கள். ஈரத்தோடு அடைத்தால் உள்ளேயே கெட்டுப்போகும். அடைக்கும்போதுதான் பையின் மேல் எழுதியது உதவும். பாலியஸ்டர் ரெசின் இபிஎஸ் ஃபோமைக் கரைத்துவிடும்; சின்ன விரிசல் பெரிய பள்ளமாகிவிடும். எபாக்ஸி இரண்டு வகைக்கும் ஒத்துவரும். தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம். கண்ணாடி இழைத் தூசு துணி காயும் கொடிப் பக்கம் பறக்கக் கூடாது.

அடியில் உள்ள ஃபின்களைக் கழற்றிக் கழுவுங்கள். உப்போடு விட்டால் திருகு துருப்பிடித்து இறுகிவிடும்.

இனி முக்கியமானது. காலில் கட்டும் லீஷ். மற்றதெல்லாம் பண நஷ்டம். இது உயிர் விஷயம். அலையில் விழுந்த பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள இருப்பது அந்தப் போர்டு ஒன்றுதான். லீஷ் அறுந்தால் பிள்ளை ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம். அலை தள்ளிவரும் போர்டு கரையோரம் குளிப்பவர்கள் தலையிலும் மோதும். ஆகவே லீஷை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். சின்ன வெட்டு, வெளுத்து நீண்ட இடம் எது தென்பட்டாலும் மாற்றிவிடுங்கள். முறுக்கு விழாமல் சுழலும் உலோக மூட்டு சுழல்கிறதா, வெல்க்ரோவில் மணல் அடைத்திருக்கிறதா, போர்டோடு சேர்க்கும் சிறு கயிறு நைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபின்னைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைக்காமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள். தொடர்ந்து கடலுக்குப் போகிறவர்கள், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை புதிது வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டுவதில்லையா, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தது நினைவிருக்கும். அப்படி ஒரு காற்றில் மாடியில் கட்டாமல் கிடக்கும் போர்டு யார் வீட்டுக் கண்ணாடியில் போய் விழும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையில் எத்தனை அடித்தளங்களில் தண்ணீர் நின்றது? அங்கேயும் வைக்க முடியாது. படிக்கட்டோ தீ விபத்தில் எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய வழி. மூன்றாம் மாடி மாமி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கும் வழி. சைக்கிள் ஷெட்டின் உள்சுவர் நிழலாக இருக்கிறது, தரையும் உயரமாக இருக்கிறது. அங்கே துணி சுற்றிய மரச் சட்டங்கள் அடித்தால் ஒன்பது போர்டுகளும் அடங்கும். செலவைப் போர்டு வைத்திருப்பவர்களே பங்கிட்டுக்கொள்கிறோம். பராமரிப்பு நிதியில் கை வைக்க வேண்டாம். செயற்குழு அனுமதி மட்டும் தந்தால் போதும்.

மழை தொடங்குமுன் அனுமதி வரட்டும். அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று உண்டு. இன்று மாலையே பிள்ளையின் லீஷை எடுத்து ஒருமுறை தடவிப் பாருங்கள்.