வீட்டுக் கணினியும் அதன் வாசற்கதவும்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் வரன் பதிவேட்டுக் காரியதரிசி நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வி நிதியைப் பற்றியோ, விவாகச் செலவைக் குறைத்தல் பற்றியோ அடியேன் பேசக்கூடுமென்று தாங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பேசத் தக்கோர் இம்மேடையிலேயே வீற்றிருக்கின்றனர். அடியேன் பேச வந்தது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளுதற்பொருட்டு. அதைத் தொட்டு, நம் இல்லங்களிலுள்ள கணினிகளைக் காத்துக்கொள்ளும் வகையைச் சிறிது கூறுதற்பொருட்டு.

நமது வரன் பதிவேடு அடியேன் இல்லத்துக் கணினியில் இருந்து வந்ததைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள், பையனின் ஜாதகமும் புகைப்படமும் இணைத்திருப்பதாகக் கூறும் மின்னஞ்சல் ஒன்று வந்தது. அத்தகைய கடிதங்கள் வாரத்திற்குப் பத்து வருதல் வழக்கமாதலின், சற்றும் ஐயுறாது இணைப்பைத் திறந்தேன். உள்ளே ‘ஜாதகம்.பிடிஎஃப்’ என்ற பெயருடன் ஒரு கோப்பு இருந்தது. அதைத் தட்டினேன், ஒன்றும் தோன்றவில்லை. பழுதான கோப்பு போலும் என்றெண்ணிப் போஜனத்திற்கு எழுந்து சென்றேன். திரும்பி வந்து பார்க்கையில், பதிவேடு, புகைப்படங்கள், என் பேரனின் பாடக் குறிப்புகள் அனைத்தும் பெயர் மாறித் திறக்க இயலாதனவாய்க் கிடந்தன. பணம் செலுத்தினால் திறவுகோல் தருவதாக ஒரு சீட்டு மட்டும் திரையில் நின்றது. இவ்வகைத் தீநிரலுக்கு ரான்சம்வேர் என்று பெயர்.

நடந்தது யாதென்று பின்னரே விளங்கிற்று. அக்கோப்பின் முழுப்பெயர் ‘ஜாதகம்.பிடிஎஃப்.எக்ஸி’ என்பது. கோப்புப் பெயரின் இறுதியிலுள்ள குறியை விண்டோஸ் தானாகவே மறைத்து வைக்கும் இயல்புடையது. ஆதலால் ‘எக்ஸி’ என்னும் வால் மறைந்து, வாசிப்பதற்குரிய ஏடு போன்று அது காட்சியளித்தது. உண்மையில் அது ஏடன்று, இயங்கும் நிரல். கோப்புகளைக் காட்டும் ஜன்னலில் ‘வியூ’ என்னும் பகுதியில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்துகொண்டால் வால்கள் யாவும் வெளிப்படும். இன்றிரவே இதைச் செய்துவிடுங்கள்; அரை நிமிஷ வேலை.

பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று நம் பொருளாளர் அன்று வினவினார். எடுத்திருந்தேன், ஆனால் பிரதி வைத்திருந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றாமலே விட்டிருந்தேன். இணைந்திருந்த காரணத்தால் அதுவும் உடன் பாழாயிற்று. பெட்டகத்தின் சாவியைப் பெட்டகத்திலேயே தொங்கவிட்டது போன்ற பேதைமை அது. முந்தைய மார்கழியில் எடுத்து பீரோவில் வைத்திருந்த மற்றொரு பிரதியால் பெரும்பகுதி மீண்டது. இடையிலுள்ள எட்டு மாதப் பதிவுகள் போயின. பணம் கொடுக்கவில்லை, கொடுத்தாலும் திறவுகோல் வருமென்பதற்கு உறுதியில்லை.

“என்னிடம் யாது இருக்கிறது, என்னைத் தேடி எவன் வருவான்?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அவர்கள் எவரையும் தேடி வருவதில்லை ஐயா. வலையை வீசுகின்றனர், அகப்பட்டதை எடுத்துக்கொள்கின்றனர். 2017ஆம் ஆண்டு மே மாதம் வானாக்ரை என்னும் தீநிரல் ஏறக்குறைய 150 தேசங்களில் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது; இங்கிலாந்தின் அரசாங்க ஆஸ்பத்திரிகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இதில் வருந்தத்தக்கது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது என்பதே. ‘அப்டேட்’ என்று கணினி கேட்கும்போதெல்லாம் ‘பிறகு’ என்று தள்ளிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அடியேனுக்கும் இருந்தது.

இதனுடன் மற்றொன்று. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காதாயின், லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். நம் வாலிபர் கிளையில் இதைச் செய்து தரவல்லோர் இருக்கின்றனர். அவர்களைக் கேட்பதில் வெட்கம் வேண்டுவதில்லை.

நிற்க. கணினி வீடாயின், பிரௌசர் அதன் வாசற்கதவு. க்ரோமாயினும் பயர்பாக்ஸாயினும், வெளியுலகம் பெரும்பாலும் அவ்வழியாகவே உட்புகுகின்றது. அதில் நாம் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் என்னும் துணைநிரல்கள் நாம் படிப்பதையும் தட்டுவதையும் பார்க்கும் உரிமை பெறுவனவாக இருக்கின்றன. நல்லதென்று பெயரெடுத்ததும் கைமாறிக் கெடலாம். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற துணைநிரலை இருபது லட்சம் பேர்வரை பயன்படுத்தி வந்தனர். 2020இல் அதை இயற்றியவர் பிறருக்கு விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில், அதில் தீநிரல் உளதென்று கூகிள் அதை நீக்கியது. குத்தகைக்காரன் மாறியதை அறியாமல் பழைய ஆளென்றே நம்பிக் கதவைத் திறந்து வைத்திருந்த கதைதான். ஆதலின், தேவையில்லாத துணைநிரல்களை நீக்குக. விளம்பரங்களைத் தடுப்பதற்கு ‘யூபிளாக் ஆரிஜின்’ ஒன்று போதும். பயர்பாக்ஸில் அது முழு வலிமையுடன் இயங்குகிறது. விளம்பரத்தின் வழியே தீங்கு வருதல் உண்டாதலால் இதை ஆடம்பரமென்று எண்ணற்க.

முகவரிக் கட்டத்தில் காணப்படும் பூட்டுச் சின்னத்தை நம்பிப் பணம் செலுத்துவோர் பலர். அப்பூட்டு, நீங்கள் அனுப்புவதை இடைவழியில் எவரும் படிக்க இயலாதென்று மட்டுமே கூறும். எதிர்முனையில் இருப்பவன் யோக்கியன் என்று கூறாது. கள்வனும் கடையில் பூட்டு வாங்கலாமன்றோ? இக்குழப்பத்தை முன்னிட்டே க்ரோம் 2023இல் அச்சின்னத்தை மாற்றிவிட்டது. பார்க்க வேண்டியது முகவரியின் எழுத்துக்களை. நம் தேசத்து வங்கிகள் 2025 அக்டோபர் 31ஆம் தேதிக்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டுமென்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அம்முடிவு வங்கிகளுக்கே அளிக்கப்படுவது; பிறர் பெற இயலாது. முகவரியில் முதற்சாய்வுக்கோட்டிற்கு முன் அவ்வாறு முடிகின்றதா என்று பாருங்கள்.

கடவுச்சொல்லைப் பற்றிச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே நம் இல்லங்களில் பெரும்பாலான கடவுச்சொல். அவ்விரண்டும் நமது வரன் பதிவேட்டிலேயே உள! 2009இல் ராக்யூ என்னும் கம்பெனியிலிருந்து மூன்று கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் களவு போயின; அவற்றுள் மிகுதியாய்க் காணப்பட்டது 123456. ஓரிடத்தில் களவு போனதை ஏனைய இடங்களிலெல்லாம் இட்டுப் பார்ப்பது திருடர் வழக்கம். ஆதலால் இடத்திற்கொன்றாக நீண்ட சொற்கள் வேண்டும். அவற்றை நினைவில் வைத்தல் மனிதருக்கு இயலாது. பாஸ்வேர்டு மேனேஜர் என்னும் பெட்டகம் அதற்கெனவே உள்ளது. அதன் பெருநன்மை யாதெனில், வங்கியைப் போல் வேடமிட்ட பொய்த்தளத்தில் நம் கண் ஏமாறினும் அது ஏமாறாது. முகவரி வேறாயின் கடவுச்சொல்லைத் தானே நிரப்பாது. அது நிரப்ப மறுக்கும் தருணத்தில் நாம் நின்று யோசிக்க வேண்டும். அவசரப்பட்டுக் கையால் தட்டிவிடலாகாது. அப்பெட்டகமும் வேண்டாவெனில், நோட்டுப் புத்தகத்தில் எழுதி பீரோவில் வைப்பது, ஒரே சொல்லை எங்கும் இடுவதினும் எவ்வளவோ மேல். இதைக் கேட்டுச் சிலர் நகைக்கக்கூடும். திரைக்கு அப்பாலிருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது.

கணினியில் நாள்தோறும் புழங்க, நிர்வாக அதிகாரமற்ற தனிக் கணக்கொன்றை வைத்துக்கொள்ளுதலும் நன்று. ஆயினும் உண்மையைச் சொல்லவேண்டும்: அடியேனுக்கு நேர்ந்ததை அது தடுத்திராது, அக்கணக்கிற்குரிய கோப்புகள் பூட்டப்பட்டே இருக்கும். தடுத்திருக்கக்கூடியது கழற்றி வைத்த பிரதி ஒன்றே.

பணம் களவு போயிற்றெனில் 1930 என்னும் எண்ணுக்கு உடனே, அந்த மணி நேரத்திலேயே, தெரிவியுங்கள்.

பதிவேடு இப்பொழுது தனிக்கணினியில் உள்ளது. சனிக்கிழமைதோறும் இரண்டு வட்டுகளில் மாறி மாறிப் பிரதி எடுக்கப்படுகின்றது. ஒன்று பொருளாளர் இல்லத்தில் இருக்கும். சென்ற ஆண்டு தை முதல் ஆவணி வரை பதிந்தவர்கள் தங்கள் குழந்தைகளின் ஜாதகத்தை மறுபடியும் தபாலிலோ நேரிலோ அனுப்பும்படி வேண்டுகிறேன். அவர்களுள் சில குடும்பங்கள் நல்ல இடங்களை நழுவவிட்டதாகக் கேள்வியுற்றேன். அவர்களிடம் இந்தச் சபையின் முன்னிலையில் மன்னிப்புக் கோருகிறேன்.